கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தால் போதுமா?

சென்ற ஆயுத பூஜையன்று ஆவடியில் நமது நண்பர் ஒருவர் வீட்டிற்குப் போயிருந்தோம். அவர் தொழிற்சாலையில் முப்பது வருஷ காலம் லேத்தோடு மாரடித்து ஓய்வு பெற்றவர். பெரிய படிப்புப் படித்தவரல்ல. ஆனாலும் கடைந்தெடுத்த சாமானில் தலைமுடியளவு பிசகு இருந்தால் கையால் தடவிப் பார்த்தே சொல்லிவிடக் கூடியவர். அப்பேர்ப்பட்டவருடைய கூடத்தில் நாம் கண்ட காட்சி என்னவென்றால், மகனுடைய கம்ப்யூட்டர் திரைக்குச் சந்தனம், பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி, கீபோர்டின் மேல் ஒரு கொத்துச் செவ்வந்தி, எதிரே பொரிகடலையும் வாழைப்பழமும், இவ்வளவும் போதாதென்று மௌஸுக்குத் தனியாக ஒரு குங்குமப் பொட்டு. பிள்ளையாருக்கு வாகனமாயிற்றே, அதை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைத்தார்கள் போலும்!

“இன்றைக்கு அதைத் தொடக்கூடாது. அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?” என்றார் நண்பர்.

“சரி ஐயா, மற்ற 364 நாளும் அது என்ன வேலை செய்கிறது?” என்று கேட்டோம்.

நண்பர் பையனைப் பார்த்தார். பையன் யோக்கியன், உள்ளதைச் சொன்னான். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலேஜ் வேலை, ராத்திரி இரண்டு மணி நேரம் சினிமா, மற்ற நேரமெல்லாம் சும்மா திறந்தே கிடக்கும் என்றான். அதாவது, விநாடிக்குப் பல நூறு கோடிக் கணக்குகள் போடக்கூடிய ஒரு இயந்திரம் வருஷத்தில் பெரும்பகுதி கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. வேலை செய்யாத அந்த இயந்திரத்திற்கு வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்து, பழமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். வேலை செய்யாதவனைக் கும்பிட்டே பழகிப்போன நாட்டில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லைதான்.

நிற்க. நாம் இன்றைக்கு எழுத வந்தது பூஜையைப் பற்றியல்ல. அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தைப் பற்றி.

தோழர்களே! 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதியை நம் பக்கத்து ஜனங்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்குத் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 494 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. அடையாறு கரை மீறிற்று, கூவமும் பொங்கிற்று, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் தாழ்வான நகர்களில் கட்டிலின் மேல் கட்டில் போட்டுக் குழந்தைகளை ஏற்றி உட்கார வைத்தவர்கள் இப்பத்திரிகையை வாசிப்பவர்களிலேயே அநேகர் இருப்பார்கள்.

தண்ணீர் வடிவதற்கு முன்பே வியாக்கியானங்கள் வந்துவிட்டன. ஒருவர் வருண பகவானின் கோபம் என்றார். ஒருவர் பாவம் பெருகிவிட்டது என்றார். பாவம் செய்தவன் மாடி வீட்டில் இருக்க, குடிசையில் இருந்தவன் முழுகியதேன் என்று அவரைக் கேட்க அப்போது யாருக்கும் தெம்பில்லை. இன்னொருவர், “இதெல்லாம் பஞ்சாங்கத்தில் முன்னமே போட்டிருக்கிறது” என்றார். பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று போடுவார்கள், வாஸ்தவந்தான். டிசம்பர் 1-ந் தேதி பெய்யும், தாம்பரத்தில் பெய்யும், இவ்வளவு பெய்யும் என்று போட்டிருந்ததா? போட்டிருந்தால் நவம்பர் 30-ந் தேதி வாயைத் திறந்திருக்கலாமே? நாலு பேர் உயிராவது மிஞ்சியிருக்குமே?

இவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக் கொள்ளப் பார்ப்பது யோக்கியமாகாது. நம்மில் நாலெழுத்துப் படித்தவர்கள் — நாமும் உட்படத்தான் — “பூமி சூடாகிவிட்டது, அதனால்தான் வெள்ளம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துக் கொண்டோம். கணக்குப் போட்டுப் பார்த்தா சொன்னோம்? இல்லை. காதில் விழுந்ததைச் சொன்னோம். கணக்குப் பார்க்காமல் சொன்ன உண்மைக்கும் புரோகிதன் முணுமுணுக்கும் மந்திரத்திற்கும் அதிக தூரமில்லை.

அப்படியானால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் யார்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் 2003-ஆம் வருஷம் முதல் ‘கிளைமேட் பிரடிக்ஷன்’ என்ற பெயரில் ஒரு ஏற்பாடு நடத்தி வருகிறார்கள். அதன் கிளை ஒன்றுக்கு ‘வெதர் அட் ஹோம்’, அதாவது வீட்டிலேயே வானிலை என்று பெயர். உலகத்தில் எந்த மூலையிலுள்ள சாமானிய மனிதனும் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிற நேரத்தை அவர்களுக்குக் கடன் கொடுக்கலாம். நம் சென்னை வெள்ளத்தைப் பற்றி வான் ஓல்டன்பர்க், ஓட்டோ, ஹவுஸ்டைன் ஆகிய ஐரோப்பிய விஞ்ஞானிகளும், டெல்லி ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த கிருஷ்ண அச்சுதராவும் சேர்ந்து 2016-ல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பழைய மழைக் குறிப்புகளோடும் வேறொரு பெரிய மாதிரிக் கணக்கோடும், இந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் போட்ட கணக்கையும் அவர்கள் வைத்துப் பார்த்தார்கள்.

அது எப்படிப்பட்ட கணக்கு என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு தாயக்கட்டையில் ஈயம் வார்த்து ஏமாற்றியிருக்கிறானா என்று கண்டுபிடிக்க என்ன செய்வீர்கள்? ஒரு தரம் உருட்டித் தாயம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. நல்ல கட்டையிலும் தாயம் விழும். ஆயிரம் தரம், பத்தாயிரம் தரம் உருட்டி, எத்தனை தரம் விழுகிறது என்று எண்ண வேண்டும். பக்கத்தில் ஈயமில்லாத கட்டை ஒன்றையும் அதே மாதிரி உருட்டி ஒத்துப் பார்க்க வேண்டும். மழையும் அப்படித்தான். 2015 டிசம்பர் உலகத்தில் ஒரு தரந்தான் வந்தது; திரும்ப உருட்ட முடியாது. ஆனால் காற்று, கடல், வெயில், மேகம் ஆகியவற்றின் நடத்தையைக் கணக்காக எழுதிக் கம்ப்யூட்டருக்குள் ஒரு உலகம் செய்து வைத்தால், அதை ஆயிரக்கணக்கான தரம் உருட்டலாம். இன்றைக்குள்ள புகையோடு ஒரு உலகம். ஆலைகள் வந்து காற்றில் கரியைக் கலக்காமலே இருந்திருந்தால் எப்படியிருக்குமோ அப்படி இன்னொரு உலகம். இரண்டிலும் இப்பேர்ப்பட்ட மழை எத்தனை தரம் கொட்டுகிறது என்று எண்ணுவது. ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒரு கம்ப்யூட்டர் நாட்கணக்கில் உழைக்க வேண்டும். அதனால்தான் வீடு வீடாகக் கடன் கேட்கிறார்கள்.

விடை என்ன வந்தது தெரியுமா? அந்த ஒரு நாள் மழையில் பூமி சூடாவதன் பாதிப்பு இருப்பதாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தது! தொழிற்சாலை, வாகனம், அடுப்பு இவற்றிலிருந்து கிளம்பும் தூசும் புகையும் வெயிலை மறைத்து, சூட்டின் விளைவை இதுவரை ஈடுசெய்து வந்திருப்பது காரணமாயிருக்கலாம் என்றும் சேர்த்து எழுதினார்கள். இதைக் கேட்டவுடனே, “பார்த்தீர்களா, பூமி சூடாவதெல்லாம் பொய்” என்று குதிக்கிறவர்கள் குதிக்க வேண்டாம். மேலே விழும் சுமையை இன்னொருவன் கீழிருந்து தாங்கினால் சுமையே இல்லை என்று அர்த்தமாகாது. அதே சமயம், “வெள்ளத்திற்குப் பூமிச் சூடுதான் காரணம், எங்கள் மேல் ஒன்றுமில்லை” என்று கைகழுவப் பார்த்த அதிகாரிகளுக்கும் இந்த விடை உதவவில்லை. ஏரி நீரைத் திறந்துவிட்ட முறையை மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை கண்டித்து, அது 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்வார்களாக. ஆக, இந்த விடை பக்தனுக்கும் பிடிக்கவில்லை, அதிகாரிக்கும் பிடிக்கவில்லை, நமக்கும் பிடிக்கவில்லை. யாருக்கும் பிடிக்காத விடையையும் மறைக்காமல் வெளியிடுகிறார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்கள் பேச்சை நாம் காது கொடுத்துக் கேட்கிறோம்.

இப்போது நாம் கேட்பது இதுதான். முழுகியது நம் வீடு. கணக்குப் போட்டது எவன் வீட்டுக் கம்ப்யூட்டரோ! ஆவடியை மேப்பில் பார்த்திராத ஒரு மனிதன், ராத்திரி படுக்கப் போகும்போது தன் கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டு, நம் ஊர் மழையை ஒரு தரம் உருட்டிப் பார்த்தான். அதே ராத்திரியில் நம் வீட்டுக் கம்ப்யூட்டர் என்ன செய்துகொண்டிருந்தது?

“இவ்வளவு பெரிய கணக்கை வீட்டுப் பெட்டியில் போட முடியுமா? போட்டாலும் அதை நம்ப முடியுமா?” என்று லேத் நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லுகிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கம்பெனிக்காரன் எல்லாச் சாமானையும் தானே கடைகிறானா? இல்லை. டிராயிங்கையும் இரும்பையும் சின்னப் பட்டறைகளுக்கு ஜாப் ஆர்டராகக் கொடுக்கிறான். பட்டறைக்காரன் கடைந்து கொண்டுவந்து போடுகிறான். வந்த சாமானைக் கம்பெனிக்காரன் முகத்தைப் பார்த்தா வாங்குகிறான்? கேஜ் போட்டுப் பார்க்கிறான். பொருந்தினால் உள்ளே, பொருந்தாவிட்டால் குப்பையில். இதுவும் அதேதான். பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி இன்டர்நெட் வழியாக ஆயிரம் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் ஒரு துண்டை முடித்துத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்கிறது. அநேகத் திட்டங்களில் கேஜ் போடுவது எப்படியென்றால், ஒரே துண்டை ஒருவருக்கொருவர் அறியாத இரண்டு பேருடைய கம்ப்யூட்டர்களுக்குக் கொடுத்து, இருவர் விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வது. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்கு அனுப்புவது. அனுப்பியவன் ஜாதி என்ன, பட்டம் என்ன, எத்தனை வருஷமாகத் தொண்டு செய்கிறான் என்ற பேச்சே கிடையாது. பெரியவர் சொன்னார், முன்னோர் சொன்னார் என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரு ஏற்பாடு இருக்கிறதென்றால் நமக்குப் பிடிக்காமல் போகுமா?

அவர்களும் தவறு செய்வதுண்டு. 2006-ல் இதே ஆக்ஸ்போர்டார் பி.பி.சி.யோடு சேர்ந்து பெரிய அளவில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஏராளமான ஜனங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை மாதக் கணக்கில் ஓட்டினார்கள். நடுவில் பார்த்தால், புகைத்தூசுக் கணக்கைக் கொண்ட ஒரு கோப்பில் பிழை! அதுவரை ஓட்டியது ஓட்டியபடி உதவாது. என்ன செய்தார்கள்? கலந்துகொண்ட எல்லோருக்கும் இன்ன தவறு நடந்துவிட்டது என்று பகிரங்கமாகச் சொல்லி, மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்கள். நம் பஞ்சாங்கக்காரர்களில் எவரேனும், “சென்ற வருஷம் நாங்கள் போட்ட மரக்கால் கணக்குப் பிசகு, மன்னிக்கவும்” என்று அச்சடித்ததை யாராவது கண்டதுண்டா?

சரி, உடனே ஓடிப்போய்க் கிடைத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள் என்றா சொல்லுகிறோம்? அப்படிச் சொன்னால் சாமிக்குப் பதில் விஞ்ஞானம் என்று பெயரை மாற்றி வைத்தவர்களாவோமே தவிர வேறில்லை. விஞ்ஞானம் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு நம் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கும் திருடர்கள் ஏராளம். “உங்கள் கம்ப்யூட்டரைச் சும்மா ஓட விடுங்கள், தினம் காயின் விழும்” என்று ஆசை காட்டுகிறவன் ஒருவன். சொல்லாமலே உள்ளே புகுந்து, நம் மின்சாரத்தில் தன் காயினைத் தோண்டிக்கொள்கிறவன் இன்னொருவன். பணம் தருகிறேன் என்றாலே அது நாம் பேசும் விஷயமல்ல என்று தள்ளிவிடுங்கள். இதில் ஒரு காசும் வராது. வராது என்பதுதான் முதல் அடையாளம்.

இரண்டாவது, யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். இத்தகைய வேலைக்கான பொதுவான புரோகிராம் ‘பாயிங்க்’ என்பது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன் என்பவர் 2002-ல் தொடங்கியது. இலவசம், அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இதை ஒரு ரயில் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திற்குள் வந்துவிட்டால் எந்த வண்டியில் ஏறுவது என்பது உங்கள் இஷ்டம். வானிலை வேண்டுமா, வைத்தியம் வேண்டுமா, நட்சத்திரம் வேண்டுமா? ஒவ்வொன்றும் தனித் திட்டம், தனித்தனிப் பல்கலைக்கழகம். பெர்க்லியின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். நண்பன் பென் டிரைவில் கொடுத்தான் என்று ஏற்றாதீர்கள்.

மூன்றாவதும் முக்கியமானதும், விடை யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். இதில்தான் நம் தோழர் ஒருவர் நம்மோடு கடுமையாகச் சண்டை பிடித்தார். “ஐயா, கூலியில்லாமல் வேலை செய்வது நம் ஜனங்களுக்குப் புதிதா? ஆயிரம் வருஷம் வெட்டி வேலை செய்தது போதாதா? இப்போது வெள்ளைக்காரனுக்குக் கம்ப்யூட்டரில் வெட்டி வேலை செய்யச் சொல்லுகிறீரே, நீர் சுயமரியாதைக்காரர்தானா?” என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் நியாயமிருக்கிறது. கூலி வாங்காமல் நாம் உழைத்து, வந்த மருந்தை ஒரு கம்பெனிக்காரன் காப்புரிமை போட்டு நமக்கே விற்பானென்றால் அது வெட்டி வேலைதான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் சென்னை வெள்ளத்தைப் பற்றிய ஆராய்ச்சியை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துப் படிக்கலாம். ஐ.பி.எம். கம்பெனி 2004-ல் தொடங்கி, 2021-ல் கனடாவில் டொரண்டோவிலுள்ள கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்திற்கு மாற்றப்பட்ட ‘வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்’ என்ற திட்டத்தில், விடைகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதன் மூலம் ஜப்பானில் சிபா என்ற ஊர் விஞ்ஞானிகள், சிறு குழந்தைகளுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய்க்காக 30 லட்சம் கூட்டுப் பொருள்களைச் சலித்து, எலிகளிடத்தில் குணம் காட்டிய 7 பொருள்களைக் கண்டதாக 2014-ல் அறிவித்தார்கள். மருந்துக்கடைக்கு வர இன்னும் எவ்வளவோ தூரமிருக்கிறது. எலி பிழைத்தால் குழந்தை பிழைத்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் 30 லட்சத்தையும் சலித்துக் கொடுத்தது ஊரார் வீட்டுக் கம்ப்யூட்டர்கள்தான். நம் ஊரில் வருஷாவருஷம் ஆளைத் தூக்கும் டெங்குவுக்கும் 2007-ல் இதே வழியில் தேடல் தொடங்கினார்கள். 2016-ல் காசநோய்க் கிருமியின் தோலைப் பற்றி நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் தொடங்கினார்கள். டெங்குவும் காசநோயும் லண்டன்காரனை விட நம்மவனைத்தானே அதிகம் கொல்லுகிறது?

சமதர்மம் என்ற வார்த்தைக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ்காரர்கள் மாநாடு கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டு ரயிலேறிப் போனார்கள். தீர்மானம் என்ன ஆயிற்று என்பது வேறு கதை. ஆனால் ஒருவன் உபயோகிக்காத பண்டத்தை ஊருக்கு உபயோகப்படுத்துவதும், அதில் விளைந்ததை எல்லோருக்கும் பொதுவாக வைப்பதும் சமதர்மமில்லையென்றால் வேறு எது? அன்றியும், பாயிங்க்கில் வேலை கொடுக்கும் பக்கத்துப் புரோகிராமும் இலவசந்தான். நம் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்கள், பருத்திப்பட்டு ஏரி எந்த மழைக்கு நிரம்பும், கூவம் எந்த மழைக்கு வழியும் என்ற கணக்குகளைக் கூறுபோட்டு நம் வீடுகளுக்கு அனுப்பட்டுமே! வெட்டி வேலை என்று சண்டை பிடித்த தோழர்கூட அப்போது மறுக்கமாட்டார்.

நாலாவது ஒன்று உண்டு. செத்த திட்டத்திற்கு ஆள் சேர்க்காதீர்கள். முன்னோடிகளில் ஒன்றான ‘செட்டி அட் ஹோம்’ — பெயரைக் கேட்டு நாட்டுக்கோட்டை விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம். வானத்தில் வேறு உலகத்தவர் யாராவது ரேடியோவில் பேசுகிறார்களா என்று ஒட்டுக்கேட்பது — 1999 மே மாதம் தொடங்கி, 2020 மார்ச்சு 31-ந் தேதியோடு புதுத் துண்டுகள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. இருபது வருஷத்திற்கு மேல் கேட்டும் ஒரு குரலும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்றே சொன்னார்கள். அதற்கும் பாயிங்க்குக்கும் சம்பந்தமில்லாமல் தனிப் புரோகிராமாக ஓடும் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்பது 2000-ல் ஸ்டான்போர்டில் பிறந்தது. நம் உடம்பிலும் கிருமியிலும் உள்ள புரோட்டீன் எப்படி மடிந்து அசைகிறது என்று பார்ப்பது. 2020-ல் கொரோனா வந்தபோது பத்து லட்சத்திற்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அதில் சேர்ந்து, அன்றைக்கிருந்த எந்த ராட்சசக் கம்ப்யூட்டரையும் மிஞ்சிவிட்டன. மணி அடித்தும் தட்டைத் தட்டியும் கிருமியை விரட்டப் பார்த்த அதே மாதத்தில் என்பதை மறக்க வேண்டாம்.

இனி வீட்டுக் காரியத்துக்கு வருவோம். தொண்டு என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்காரியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளக்கூடாது. மின்சாரம் செலவாகும். ஆகாது என்று சொல்லுகிறவன் பொய்யன். சும்மா திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர் முழு மூச்சாக வேலை செய்யும்போது கூடுதலாக 60 வாட் இழுக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய அரை யூனிட். இரண்டு மாதத்து பில்லில் 29 யூனிட். 2016-ல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. ஆனால் 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழேயுள்ள யூனிட்டுகளுக்கும் கணக்கு மாறி பில் எகிறிவிடும். ஏ.சி. ஓடும் கோடையில் 480-ல் நிற்கிற வீட்டுக்காரர் இதில் இறங்கவே வேண்டாம். விஞ்ஞானம் ஐப்பசி வரை காத்திருக்கும்.

அடுத்தது சூடு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையே அடுப்பு. பாயிங்க்கில் எத்தனை பங்கு வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, நாம் உபயோகிக்கும்போது நிறுத்த வேண்டுமா, பாட்டரியில் ஓடும்போது நிறுத்த வேண்டுமா என்றெல்லாம் நாமே நிர்ணயிக்க வசதியிருக்கிறது. பாதிப் பங்குக்கு மேல் வைக்காதீர்கள். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை வைத்தால் போதும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போனதே தெரியாது. எல்லோருடைய விசிறிக்குமான பாட்டரியை அது தின்றுவிடும். கரண்ட் போனால் கையால் நிறுத்துங்கள். 2011-லிருந்து சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லாப்டாப்புகள் பரணில் கிடக்கின்றன. எடுத்து ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பாட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் தொடாதீர்கள். இல்லையென்றால், மூச்சுத் துவாரத்துத் தூசியைத் தட்டிவிட்டு, கால் பங்கு வேலை கொடுங்கள். வானிலைக் கணக்குப் போன்ற பாரமானதை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். போனிலும் ஓட்டலாம் என்கிறார்கள். நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

ஒவ்வொரு துண்டுக்கும் தவணை உண்டு. ஜாப் ஆர்டரை வாங்கி மூலையில் போட்டுவிட்டுத் திருத்தணிக்குப் போனால் கம்பெனிக்காரன் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவான் அல்லவா? இதுவும் அப்படியே. நம்மால் முடிகிற அளவுக்கே வாங்க வேண்டும். அன்றியும், வானிலைத் திட்டத்தில் எப்போதும் வேலை கையிருப்பில் இருக்காது. ஆகவே கூடவே வேறொரு திட்டத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டால் கம்ப்யூட்டர் மறுபடி கொட்டாவி விடாது.

ஆபீசிலோ பள்ளிக்கூடத்திலோ உள்ள கம்ப்யூட்டரில் எழுத்து மூலம் அனுமதியில்லாமல் இதை ஏற்றாதீர்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் ஒரு கல்லூரி ஊழியர் நல்ல எண்ணத்தோடு கல்லூரிக் கம்ப்யூட்டர்களில் இம்மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டுக் கோர்ட்டு வாசல் ஏறி, 2002-ல் அபராதம் கட்டி மீண்டார். ஊரான் வீட்டு நெய்யில் தர்மம் செய்யப் போனால் அப்படித்தான்.

கடைசியாக ஒரு வியாதியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முடித்துக்கொடுத்த வேலைக்குத் தக்கபடி ‘கிரெடிட்’ என்று புள்ளி போடுவார்கள். அது இவ்வளவு கணக்குப் போட்டாய் என்பதற்கு ரசீது. அவ்வளவுதான். ஆனால் அதைப் புண்ணியக் கணக்காக்கி, சித்திரகுப்தன் ஏட்டில் ஏறுவதுபோல எண்ணி, பக்கத்து வீட்டுக்காரனை விட ஒரு புள்ளி அதிகம் வாங்கக் கடன் வாங்கிப் புது மெஷின் வாங்கும் பைத்தியங்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. செட்டி அட் ஹோமின் ஆரம்ப நாட்களில் பட்டியலில் முன்னே நிற்பதற்காக, வேலை செய்யாமலே செய்ததாகப் பொய் விடை அனுப்பிய மகான்களும் இருந்தார்கள். ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுத்துச் சரிபார்க்கும் வழக்கத்தின் அவசியத்தை உணர்த்தியவர்களில் இவர்களும் சேர்ந்தவர்கள். புண்ணியத்துக்குப் போட்டி போடும் புத்தி எவ்வளவு ஆழமாய் ஊறியிருக்கிறது பாருங்கள், சாமியே இல்லாத இடத்தில்கூட!

லேத் நண்பர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, விபூதியைத் துடைக்கவுமில்லை, சண்டைக்கு வரவுமில்லை. “கேஜ் போட்டுத்தானே எடுக்கிறார்கள்?” என்று மட்டும் இன்னொரு தரம் கேட்டார். ஆமென்றோம். மறுநாள் பையன் பாயிங்க்கை இறக்கி, ராத்திரி பத்து முதல் ஆறு வரை என்று வைத்துவிட்டான். ஒரு மாதம் கழித்துப் போனபோது பெட்டியின் மேல் பொட்டு அப்படியே காய்ந்திருந்தது. உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரை நண்பரே தினம் காலையில் நோட்டில் குறித்து வைக்கிறார். நாம் சொன்ன அரை யூனிட் கணக்கு அவர் வீட்டில் அரைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வருகிறதாம். அதை நம்மிடம் காட்டுவதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆவடியில் நமது படிப்பகத்தில் இதை யாரும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். லாப்டாப் உள்ளவர்கள் எடுத்து வரலாம். வருகிறவர்கள் கடைசி இரண்டு மின்சார பில்களையும் தவறாமல் கொண்டுவரவும்.